பன்னிரண்டாவது ஆள்

போட்டி முடிந்து பொழுதுபட வீடு வரும் மகனிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி, "எத்தின அடிச்ச?" என்பதுதான். "நான் எறங்கல்ல உம்மா, மேலதிக ஆள்" என்று பிள்ளை சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி நாவிலே தயாராக இருக்கும்: "அப்ப என்னத்துக்கு வெயிலுக்க போய்க் கெடந்த?"

இந்தக் கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது, ஓர் அநியாயமும் இருக்கிறது. நியாயம் என்னவென்றால், அந்த வெயிலில் கிடந்த நேரத்தில் பாடப் புத்தகத்தைத் தொட்டிருக்கலாம், வாப்பாவுக்கு வயலில் ஒரு கை உதவியிருக்கலாம். அநியாயம் என்னவென்று சொல்லவே இக்கட்டுரை.

எமது நிந்தவூரில் கபடி ஆட்டத்தைப் பற்றிப் பெண்களுக்கும் தெரியும். ஓர் அணியில் பன்னிருவர். களத்தில் நிற்போர் எழுவர். மீதி ஐவர் எல்லைக் கோட்டுக்கு வெளியே. பாடசாலையில் நாம் ஆடிய வலைப்பந்தாட்டத்திலும் இதே கணக்குத்தான்: எழுவர் உள்ளே, ஐவர் வெளியே. அந்த ஐவரில் ஒருத்தியாக, ஆடாமலேயே பருவம் முழுவதையும் கழித்த சகோதரிகள் இதை வாசிப்போரிலும் இருப்பார்கள். கிரிக்கெட்டில் இவருக்குப் பெயரே "பன்னிரண்டாவது ஆள்". எவராவது காயப்பட்டால் மைதானத்துக்குள் வந்து பந்தைத் தடுக்கலாம், பிடியெடுக்கலாம். ஆனால் நெடுங்காலமாக அவர் துடுப்பெடுத்தாடவும் பந்து வீசவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலும் மாற்றுக் கையுறையும் கொண்டு ஓடிவருவதே அவருடைய வேலை. 2019இல்தான், தலையில் அடிபட்டு ஒருவர் விலகினால் அவருக்குப் பதிலாக வருபவர் முழுமையாக ஆடலாம் என்ற விதி டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு வந்தது. அந்த விதியின் கீழ் முதன்முதலாக இறங்கியவர் அவுஸ்திரேலியாவின் மார்னஸ் லபுஷேன். லோர்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக வந்து 59 ஓட்டங்கள் எடுத்தார். இரண்டு வருடங்களில் உலகத் தரவரிசையில் முதலாவது டெஸ்ட் துடுப்பாட்ட வீரராகி நின்றார்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதைவிட வேடிக்கையான ஓர் இடம் உண்டு. அங்கே "ஃபுட்போல்" என்று சொல்வது நமது உதைபந்தாட்டத்தை அன்று; ரக்பியைப் போல் கையில் பந்தை ஏந்தி முட்டிமோதி முன்னேறும் ஆட்டம். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் முன்னேற வேண்டும். மூன்று முயற்சியும் வாய்க்காவிட்டால், பெரும்பாலும் நான்காவதில் ஒருவர் வந்து பந்தை எட்டத்துக்கு உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார். அவருக்குப் பெயர் "பன்டர்". ஓர் ஆட்டத்தில் சில தடவைதான் அவருக்கு வேலை. அந்த ஒருவருக்கும் பின்னால் இன்னொரு பன்டர் மேலதிகமாக வைக்கப்பட்டிருப்பார்! பலர் புலமைப்பரிசில்கூட இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு, தினமும் காலையில் பயிற்சிக்கு வந்து, நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட உதைக்காமல் பட்டத்தோடு வீடு திரும்புகிறார்கள். எம்மவர் காதில் விழுந்தால் "வேலையத்த வேலை" என்பார்கள். ஆனால் முதலாமவரின் கால் சுளுக்கிய அன்று, கூட்டத்தில் எவரையோ கூப்பிட்டு உதைக்கச் சொல்ல முடியாது என்பதும் உண்மைதானே.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எமது நாட்டிலே, எமது சமூகத்திலே இப்படி ஒருவர் இருக்கிறார்.

நவீட் நவாஸ் 1973 செப்டெம்பர் 20இல் கொழும்பில் பிறந்தவர். படித்தது டி.எஸ். சேனாநாயக்கக் கல்லூரியில். 1967இல் ஆர்.ஐ.ரி. அலஸ் அவர்களை முதல் அதிபராகக் கொண்டு தொடங்கப்பட்ட பாடசாலை அது. சிங்களப் பிள்ளைகளும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வளர்ந்தது. றோயல், சென் தோமஸ் போன்ற நூறாண்டு கடந்த பாடசாலைகளோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது. அங்கிருந்து வந்த இடதுகைத் துடுப்பாட்ட வீரரான நவாஸ், கழக மட்டத்தில் என்.சி.சி. என்று அழைக்கப்படும் நொன்டெஸ்கிரிப்ட்ஸ் கழகத்துக்காக ஆடி ஓட்டங்களைக் குவித்தார்.

ஓட்டம் குவித்தால் போதுமா? அவர் வந்த காலத்தைப் பாருங்கள். 1996இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது. அந்த அணியின் துடுப்பாட்ட வரிசையில் இடம் தேடுவது, கல்முனைச் சந்தையில் பெருநாளுக்கு முதல் நாள் நிற்க இடம் தேடுவதைப் போன்றது. சனத் ஜயசூரிய, அரவிந்த டி சில்வா, அர்ஜுன ரணதுங்க, ரொஷான் மஹாநாம, ஹஷான் திலகரத்ன. அவர்களில் ஒருவர் விலகினால் அடுத்து நவாஸ் வரலாம் என்றிருக்கையில், அவரைவிட நான்கு வயது இளைய மஹேல ஜயவர்தன 1997இல் வந்து அமர்ந்தார். அதே வயதுக்காரரான குமார் சங்கக்கார 2000இல் வந்தார். இவ்விருவரும் பின்னர் முறையே 149, 134 டெஸ்ட் போட்டிகளில் ஆடினார்கள். இடம் காலியாகவே இல்லை. நவாஸுக்குக் கிடைத்ததெல்லாம் மூன்று ஒருநாள் போட்டிகள்.

இருபத்தெட்டு வயது முடிகிறது. கிரிக்கெட்டில் அது கலியாணச் சந்தையில் குமர்ப்பிள்ளைக்குச் சொல்லும் வயதைப் போன்றது. ஊர் கதைக்கத் தொடங்கிவிடும். (இந்த ஒப்பீடு சிலருக்குப் பிடிக்காது. எனக்கும் அந்த ஊர்ப்பேச்சுப் பிடிக்காது.)

2002 ஜூலையில் பங்களாதேஷ் அணி இங்கு வந்தது. முதல் டெஸ்ட் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில். அதில் அரவிந்த டி சில்வா 206 ஓட்டங்கள் எடுத்தார். அதுவே அவரது கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ். இரட்டைச் சதத்தோடு விடைபெறுவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்! இரண்டாவது டெஸ்ட் ஜூலை 28இல் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தொடங்கியது. மூத்த வீரர்கள் பலருக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது. அந்த வெற்றிடத்தில்தான் நவீட் நவாஸின் பெயர் அணிப் பட்டியலில் ஏறியது.

முதல் இன்னிங்ஸில் 21 ஓட்டங்கள். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு பக்கம் மைக்கல் வென்டோட் 140 ஓட்டங்கள் எடுத்தார். நவாஸ் அசையாமல் நின்றார். இலங்கை இரண்டு விக்கெட்டுக்கு 263 என்றிருக்கையில் இன்னிங்ஸ் நிறுத்தப்பட்டது. அப்போது நவாஸின் கணக்கில் 78, ஆட்டமிழக்கவில்லை. சதத்துக்கு இன்னும் இருபத்திரண்டு. அணிக்கு வெற்றி பெறக் காலம் தேவைப்பட்டது. ஒருவரின் சதத்துக்காகக் காத்திருக்கும் நிலை இல்லை. இலங்கை 288 ஓட்டங்களால் வென்றது.

அதன்பின் நவாஸ் ஒரு டெஸ்ட் போட்டியிலும் ஆடவில்லை. மூத்தவர்கள் ஓய்வு முடிந்து திரும்பினார்கள், அவ்வளவுதான்.

21ஐயும் 78ஐயும் கூட்டினால் 99. ஒரு தடவைதான் ஆட்டமிழந்தார் என்பதால் அவரது டெஸ்ட் சராசரி 99.00. கிரிக்கெட் உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் டொன் பிரட்மனின் சராசரி 99.94. ஒரேயொரு போட்டியின் கணக்கை ஐம்பத்திரண்டு போட்டிகளின் கணக்கோடு எவரும் ஒப்பிட மாட்டார்கள், ஒப்பிடவும் கூடாது. இருந்தாலும் புள்ளிவிபரப் புத்தகத்தைப் புரட்டும் பிள்ளைகள் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று, "இவர் யார்?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே இலங்கை அணியில் மாவன் அத்தபத்து தனது முதல் ஆறு டெஸ்ட் இன்னிங்ஸ்களில் எடுத்தது மொத்தம் ஒரேயோர் ஓட்டம். ஐந்து பூச்சியங்கள்! அவரையும் அணியிலிருந்து தூக்கினார்கள். ஆனால் மீண்டும் மீண்டும் கூப்பிட்டார்கள். பிற்காலத்தில் அவர் ஆறு இரட்டைச் சதங்கள் அடித்தார், அணித் தலைவருமானார். ஆகவே தேர்வு என்பது தராசில் நிறுத்துப் பார்க்கும் காரியம் மாத்திரம் அன்று. எந்தக் காலத்தில் பிறந்தாய், உனக்கு முன்னால் யார் நிற்கிறார், அன்று யாருக்குக் காய்ச்சல், இவையெல்லாம் சேர்ந்ததுதான். நாம் இதை நஸீப் என்கிறோம். நஸீப் என்று சொல்லிவிட்டுப் பயிற்சியைக் கைவிட்ட பிள்ளைக்கு, அந்த 2002 ஜூலை வந்திருந்தாலும் 78 வந்திராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கொழும்பில் பிறந்து, கொழும்பில் படித்து, கொழும்புக் கழகத்தில் ஆடியவருக்கே இந்தக் காத்திருப்பு என்றால், நிந்தவூரிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் குந்திப் போய், விடிய இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு தேர்வுக்கு நிற்கும் பிள்ளையின் கதை என்ன? அவனுக்கு முன்னாலுள்ள வரிசை இன்னும் நீளம். அந்தப் பயணச் செலவுக்கு உம்மா எந்தச் சீட்டுக் காசை உடைத்தா என்பது எந்தத் தேர்வாளருக்கும் தெரியாது. குழாமில் பெயர் வந்தும் ஆட இறங்காமல் திரும்புகிறவனை ஊர் "சும்மா போய் வந்தவன்" என்கிறது. சும்மா போய் வர முடியாது, சகோதரிகளே. ஐந்து நேரத் தொழுகையைப் போலவே பயிற்சிக்கும் நேரம் இருக்கிறது. ஆடுகிறவன் ஓடும் சுற்றுகள் அத்தனையும் ஆடாதவனும் ஓடுகிறான். வித்தியாசம் கைதட்டில் மட்டும்தான்.

உஹது யுத்தத்தின் நிகழ்வை நாம் மத்ரஸாவிலேயே கேட்டு வளர்ந்தோம். ஹிஜ்ரி மூன்றாம் ஆண்டு. அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் ஐம்பது வில்லாளிகளை ஒரு குன்றின் மீது நிறுத்தி, வெற்றியைக் கண்டாலும் தோல்வியைக் கண்டாலும் அவ்விடத்தை விட்டு அகல வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். கீழே மைதானத்தில் ஏனையோர் போரிட, இவர்களுக்கு இடப்பட்ட பணி நின்று காத்தல். வெற்றி கண்ணுக்குத் தெரிந்ததும் பெரும்பாலானோர் இறங்கிவிட்டார்கள். அப்போது இஸ்லாத்தைத் தழுவியிராத காலித் இப்னு வலீத் அந்தப் பக்கத்தால் சுற்றி வந்து தாக்கினார். விளைந்ததை நாம் அறிவோம். விளையாட்டையும் ஜிஹாதையும் ஒன்றாக வைத்துப் பேசுவதாக எவரும் நினைத்துவிட வேண்டாம். நிற்பதும் ஒரு வேலை, சில வேளைகளில் அதுவே பெரிய வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சம்பவம் எனக்குத் தெரியவில்லை.

இனி நவாஸின் இரண்டாவது வாழ்க்கைக்கு வருவோம். என் எண்ணப்படி அதுதான் முதலாவதைவிடப் பெரியது.

ஆடி ஓய்ந்தபின் அவர் பயிற்றுவிப்பாளரானார். 2018இல் பங்களாதேஷின் பத்தொன்பது வயதுக்குட்பட்ட அணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எந்த நாட்டுக்கு எதிராக அவர் தனது ஒரேயொரு டெஸ்ட்டை ஆடினாரோ, அதே நாட்டின் பிள்ளைகள்! அந்தப் பிள்ளைகளை ஏறத்தாழ இரண்டு வருடங்கள் ஒரே கூட்டமாக வைத்து, நாடு நாடாகக் கொண்டுபோய் ஆடவைத்தார்கள். 2020 பெப்ரவரி 9ஆம் திகதி, தென்னாபிரிக்காவின் பொச்செஃப்ஸ்ட்ரூமில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. எதிரணி இந்தியா, நான்கு தடவை இக்கிண்ணத்தை வென்ற அணி. பங்களாதேஷ் எந்த வயதுப் பிரிவிலும் ஓர் உலகக் கிண்ணத்தையும் அதுவரை தொட்டதில்லை. (2018இல் அவர்களது பெண்கள் அணி கோலாலம்பூரில் இதே இந்தியாவைத் தோற்கடித்து ஆசியக் கிண்ணத்தை வென்றிருந்தது. ஆண்களுக்கு முன்னே பெண்கள் வழிகாட்டிய செய்தியை நமது பத்திரிகைகள் ஒரு மூலையில் போட்டன.)

அந்த இறுதிப் போட்டிக்கு அணியில் ஒரேயொரு மாற்றம் செய்யப்பட்டது. ஹசன் முராத் என்ற சுழற்பந்து வீச்சாளருக்குப் பதிலாக, வெளியே இருந்த வேகப்பந்து வீச்சாளர் அவிஷேக் தாஸ் உள்ளே வந்தார். வந்தவர் 40 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை எடுத்தார். அன்று பங்களாதேஷ் பந்துவீச்சாளர்களில் அதுவே அதிகம். இந்தியா 177 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மேலதிக ஆளாக இருந்து பழகிய ஒருவர் அணியை நடத்தும்போது, வெளியே இருக்கும் பிள்ளையும் அன்றே இறங்கக்கூடியவனாகத் தயாராக வைக்கப்பட்டிருப்பான் என்று நான் நினைக்கிறேன்.

பங்களாதேஷின் துடுப்பாட்டம் சுலபமாக இருக்கவில்லை. 50 ஓட்டங்கள் வரை விக்கெட் இழக்காமல் போனவர்கள் 102 ஆவதற்குள் ஆறு விக்கெட்டுகளை இழந்தார்கள். ஆரம்பத்தில் காலில் தசைப்பிடிப்பு ஏற்பட்டு வெளியேறியிருந்த பர்வேஸ் ஹுசைன் இமோன் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார்; 47 எடுத்தார். மறுமுனையில் அணித் தலைவர் அக்பர் அலி ஆட்டமிழக்காது 43. மழை பெய்து, இலக்கு 170 ஆகத் திருத்தப்பட்டு, மூன்று விக்கெட்டுகளால் பங்களாதேஷ் உலகக் கிண்ணத்தை வென்றது.

அக்பர் அலியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தப் போட்டித் தொடர் நடந்துகொண்டிருந்த ஜனவரி மாதத்தில், அவருடைய சகோதரி இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுக்கையில் வபாத்தாகிவிட்டா. மகன் அந்நிய நாட்டில் தனியே உடைந்துபோவான் என்று குடும்பத்தார் செய்தியை மறைத்தார்கள். எப்படியோ அவருக்குத் தெரியவந்துவிட்டது. பதினெட்டு வயதுப் பிள்ளை. ஜனாஸாவுக்கும் போக முடியவில்லை. அவர் அணியோடு தங்கி, இறுதிவரை ஆடினார். மறைத்தது சரியா என்று பெண்கள் கூடிய ஓரிடத்தில் பேச்சு வந்தபோது ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். எனக்கு இன்றுவரை ஒரு முடிவு இல்லை. அல்லாஹ் அச்சகோதரிக்கு மேலான சுவனத்தைக் கொடுப்பானாக.

அன்று கிண்ணம் வென்ற பிள்ளைகளில் ஷொரிபுல் இஸ்லாம், தவ்ஹீத் ஹிருதோய், தன்சித் ஹசன், மஹ்முதுல் ஹசன் ஜோய் போன்றோர் பின்னர் பங்களாதேஷின் தேசிய அணியிலேயே இடம்பிடித்தார்கள். ஒரேயொரு டெஸ்ட் ஆடியவரின் கையால் வளர்ந்தவர்கள் அவரைவிடப் பல மடங்கு போட்டிகளில் ஆடினார்கள்.

உம்மாமாருக்கு வீட்டுக் காரியமாகச் சில வார்த்தைகள். மேலதிக ஆளாக இருக்கும் பிள்ளையை "விட்டுடு" என்று சொல்வதற்கு முன், அவன் தவறாமல் பயிற்சிக்குப் போகிறானா என்று பாருங்கள். போகிறான் என்றால் அவனுடைய சாப்பாட்டில் குறை வைக்காதீர்கள். ஆடியவனுக்கும் ஆடாதவனுக்கும் பசி ஒன்றுதான். "எத்தின அடிச்ச?" என்பதற்குப் பதில் "இண்டைக்கு என்ன பழகின?" என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளை வாய் திறப்பான். பாடத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சாதாரண தரப் பரீட்சை மேலதிக ஆளுக்காகப் பின்போடப்படுவதில்லை. நவாஸைப் போல் முப்பது வயதுக்குக் கிட்ட வரை வாசலில் நிற்க எல்லாக் குடும்பத்துக்கும் வசதி கிடையாது. ஒரு தொழிலோ ஒரு சான்றிதழோ கையில் இருந்தால்தான் காத்திருப்பதற்கும் தெம்பு வரும். அமெரிக்காவின் அந்த மேலதிகப் பன்டர்கூடப் பட்டத்தை எடுத்துக்கொண்டுதான் வீடு போகிறார்.

பெண் பிள்ளைகளின் விடயத்தில் நமக்கு இன்னும் கஞ்சத்தனம். ஆடுகிறவளையே அரைமனதோடு அனுப்பும் வீட்டில், மேலதிகமாக இருக்கிறவளை யார் அனுப்புவார்? ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் ஓட்டப் பந்தயம் ஓடிய ஹதீஸை மௌலவிமார் மேடையில் புன்சிரிப்போடு சொல்கிறார்கள். முதல் தடவை ஆயிஷா நாயகி வென்றார்கள். காலம் சென்று மறுபடி ஓடியபோது நபியவர்கள் வென்றார்கள். ஒழுக்கமான உடையும் பாதுகாப்பான மைதானமும் பெண் ஆசிரியையும் இருந்தால், மகளும் வெளியே குந்தியிருந்து தன் முறைக்காகக் காத்துப் பழகட்டுமே.

2022 ஏப்ரலில் நவீட் நவாஸ் இலங்கை அணிக்கே திரும்பினார், உதவிப் பயிற்றுவிப்பாளராக. தலைமைப் பயிற்றுவிப்பாளர் இங்கிலாந்தின் கிறிஸ் சில்வர்வூட். இங்கேயும் இரண்டாவது இடம்தான்! நாடு எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற வருடம் அது. எமது மண்ணில் நடக்கவிருந்த ஆசியக் கிண்ணப் போட்டிகள் ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மாற்றப்பட்டன. முதற் போட்டியில் ஆப்கானிஸ்தானிடம் மோசமாகத் தோற்ற இலங்கை, அதன்பின் ஒன்றிலும் தோற்கவில்லை. செப்டெம்பர் 11ஆம் திகதி இரவு துபாயில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தை எடுத்தது. மறுநாள் பத்திரிகைகளில் தசுன் ஷானக்கவின் படமும், ஆட்டமிழக்காது 71 எடுத்த பானுக ராஜபக்ஷவின் படமும் பெரிதாக வந்தன.